சாந்தோமில் தோண்டாத அடுக்கு

(மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சாந்தோம் மண்ணைத் தோண்டியவர்கள் எல்லாரும் ஒரே ஒருவரைத் தேடித்தான் தோண்டினார்கள். 1523இல் போர்ச்சுக்கீசியர் பாழடைந்து கிடந்த பழைய கோயிலைப் புதுப்பிக்க வந்தபோது திருத்தூதர் தோமையாரின் கல்லறையைத் தேடினார்கள். அதற்கு 400 ஆண்டுகள் கழித்து, 1920களில் ஹென்றி ஹோஸ்டன் என்ற பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குரு வந்தார். அவர் வரலாற்று ஆய்வில் பழுத்தவர். பேராலயத்தைச் சுற்றியிருந்த தூண், கல்வெட்டு, சிற்பம், போர்ச்சுக்கீசியக் கல்லறைப் பலகை என்று எதையும் விடாமல் பார்த்தார், படம் எடுத்தார், குறித்துவைத்தார். 1935இல் அவர் இறந்தார். சாந்தோம், மயிலாப்பூர் தொல்பொருட்களைப் பற்றிய அவருடைய நூலை மறுஆண்டே மயிலை மறைமாவட்டம் அச்சிட்டது. பேராலயத்தில் சேர்த்துவைத்த பழம்பொருட்களைப் பற்றி இன்று யார் பேசினாலும் அந்த நூலைத் தொடாமல் பேச முடியாது.

அவ்வளவு கூர்மையான கண் அவருக்கு. ஆனாலும் அந்த ஊரில் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரை அது தேடவில்லை. போர்ச்சுக்கீசியர் வீட்டுச் சமையற்கட்டில் இருந்தவர்கள், கடற்கரையில் படகேற்றக் காத்திருந்தவர்கள், விலைக்கு வாங்கப்பட்டவர்கள். ஹோஸ்டனைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் காலத்துத் தொல்லியலே அப்படி இருந்தது. நம் காலத்துத் தொல்லியலும் அந்த விஷயத்தில் அவரைவிட வெகுதூரம் போய்விடவில்லை.

16ஆம் நூற்றாண்டுச் சாந்தோம் ஒரு வணிக ஊர்; பின்னர் அதைச் சுற்றி மதிலும் எழுந்தது. போர்ச்சுக்கீசியச் சிப்பாயாக வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள், அவர்களுடைய கலப்பின வாரிசுகள், தமிழ்க் கிறித்தவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். இங்கிருந்து மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலும் துணி போனது. துணியோடு ஆட்களும் போனார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1545இல் சில மாதங்கள் சாந்தோமில் தங்கினார். ஊர் 1606இல் தனி மறைமாவட்டமாயிற்று. தத்துவ போதகர் என்று தமிழ்நாடு அறிந்த ராபர்ட் தெ நொபிலி, கண்பார்வை மங்கிய முதுமையில் மயிலாப்பூரில் ஒரு மண்குடிசையில் வாழ்ந்து, 1656 ஜனவரியில் இங்கேதான் கண்மூடினார். புகழ் பெற்றவர் ஒருவர் வாழ்ந்த மண்குடிசைக்கே இன்று சுவடு தேட வேண்டிய நிலை என்றால், பெயரில்லாதவர் படுத்த திண்ணைக்கு என்ன சுவடு மிஞ்சியிருக்கும்?

அடிமை முறையைப் பற்றிச் சேசு சபையினரிடம் இரண்டு குரல்கள் ஒலித்தன. ஆட்களைக் கடத்திவந்து விற்பதையும், அநியாயமாகப் பிடித்து அடிமையாக்குவதையும் கண்டித்து எழுதியவர்கள் அவர்களிலேயே உண்டு. அதே சபையின் கோவாக் கல்லூரியில் வேலைக்கு அடிமைகளும் இருந்தார்கள். பிடித்த முறை நியாயமா என்று கேட்டவர்கள் பலர். வைத்திருப்பதே நியாயமா என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

இவர்கள் எழுதிக் குவித்த கடிதங்கள் இல்லையென்றால் 17ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுப் பஞ்சங்களைப் பற்றி நமக்குப் பாதி தெரியாது. மதுரை மிஷனின் ஆண்டுக் கடிதங்களை பெர்த்ரான் என்ற குரு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சில் நான்கு தொகுதிகளாகத் தொகுத்தார். மதுரை நாயக்கர் வரலாறு எழுதிய சத்தியநாத அய்யர் 1924இல் அவற்றில் பலவற்றைத் தம் நூலின் பின்னிணைப்பாகச் சேர்த்தார். பஞ்சமும் படையெடுப்பும் வந்த ஆண்டுகளில் சனங்கள் கடற்கரை நோக்கிப் போன காட்சி அந்தக் கடிதங்களில் இருக்கிறது. கஞ்சி ஊற்றியவர்களிடமே ஆட்கள் அடிமையானார்கள்.

ஊற்றியவர்களில் டச்சுக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. டச்சுக் கம்பெனியின் இந்தியப் பெருங்கடல் அடிமை வாணிபத்தை ஆராய்ந்த மார்க்குஸ் வின்க் தொகுத்திருக்கும் எண்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 1622, 1623ஆம் ஆண்டுகளில் பழவேற்காட்டிலிருந்தும் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்தும் சுமார் 1,900 பேர். 1646இல் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, 2,118 பேர். 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து 8,000 முதல் 10,000 பேர். 1694-96இல் இலங்கைக்குத் தனியார் கொண்டுபோனவர்கள் மட்டும் 3,859 பேர். இடையில் உள்ள நல்ல விளைச்சல் ஆண்டுகளில் எண்ணிக்கை சரிந்துவிடும். வானம் பொய்த்தாலோ, படை வந்து வயலை மிதித்தாலோ மறுபடி ஏறும். ஆப்பிரிக்கக் கரையில் நடந்ததுபோல ஆண்டு முழுதும் ஓடிய ஆறு அல்ல இது. பஞ்சம் வந்தால் திறந்து, மழை வந்தால் மூடிய மதகு.

சாந்தோமுக்கு வடக்கே ஒரு காத தூரம்கூட இல்லாத ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயர்களும் இதிலிருந்து விலகி நின்றவர்கள் அல்லர். 1683இல் ஆள் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். நான்கே ஆண்டுகளில் தடை கரைந்தது. 1687இல் பஞ்சம் கடுமையாகி ஆள் விலை மலிந்தபோது, கப்பலேறும் ஒவ்வோர் அடிமைக்கும் தலைக்கு ஒரு வராகன் சுங்கம் என்று கோட்டை ஆலோசனை சபை முடிவு செய்தது. அந்த ஆண்டில் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் சென்னைத் துறையிலிருந்து கப்பலேறினார்கள். அப்போதைய ஆளுநர் எலிஹு யேல். அமெரிக்காவில் உள்ள யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் சுமக்கிறது. அதே ஆண்டு கோல்கொண்டா அவுரங்கசீப்பிடம் வீழ்ந்தது. சென்னையைச் சுற்றிய சீமை மொகலாயர் கைக்குப் போனது. அவர்கள் ஆட்சேபிக்கவே 1688இல் மறுபடியும் தடை வந்தது. மனம் மாறியதால் வந்த தடை அல்ல. புதிய எசமானரோடு உரசல் வேண்டாம் என்பதால் வந்தது.

பிரெஞ்சுக்காரர் பக்கத்துக்குச் சாட்சி நம்மூர்க்காரர் ஒருவர். பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் 1743 ஜூன் மாதக் குறிப்பில் ஆள்பிடிக்கும் கும்பல் ஒன்று அகப்பட்ட கதை வருகிறது. வேலை தருகிறோம் என்றும் வேறு ஆசை காட்டியும் வழிப்போக்கர்களை அழைத்துப்போய், வீட்டில் அடைத்து வைத்து, இரவோடு இரவாக மொரீஷியஸ் உள்ளிட்ட மஸ்கரேன் தீவுகளுக்குக் கப்பலேற்றியிருக்கிறார்கள். பிள்ளை இதை வழக்கமான நிதானத்தோடு, சந்தை நிலவரம் எழுதுவதுபோலவே எழுதிப் போகிறார். அந்த நிதானம்தான் படிப்பவரைத் தூக்கிவாரிப் போடுகிறது.

ஆக, காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பது தலைக்கணக்கு. எத்தனை பேர், எந்தக் கப்பல், எத்தனை வராகன். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்தச் சட்டியில் சமைத்தார்கள், எந்த நோயில் விழுந்தார்கள், பிடிபடும் முன் எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்தார்கள் என்று கணக்குப்பிள்ளை எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. அந்தக் கேள்விகளை மண்ணிடமும் எலும்பிடமும் கேட்கலாம் என்று காட்டியதில், விந்தையாக, சேசு சபையின் சொந்தப் பண்ணைகளுக்கே முக்கியப் பங்கு உண்டு.

பெரு நாட்டில் நாஸ்கா பள்ளத்தாக்கு. பாலைவனத்தில் வரைந்த பெரிய கோட்டோவியங்களால் உலகம் அறிந்த இடம். அங்கே 1619 முதல் சேசு சபைக்குச் சொந்தமான இரண்டு திராட்சைப் பண்ணைகள் இருந்தன: சான் ஹோசே, சான் சேவியர். நம் சவேரியார்தான் அந்த சேவியர். மதுவும் சாராயமும் அங்கே காய்ச்சினார்கள். 1767இல் ஸ்பெயின் மன்னர் சபையை நாட்டைவிட்டே துரத்தியபோது இரண்டு பண்ணைகளிலும் சேர்த்து ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள் ஏறக்குறைய 600 பேர் இருந்தார்கள். பிரெண்டன் வீவர் என்ற தொல்லியலாளர் அங்கே குழுவோடு அகழாய்வு நடத்தினார். மது நிரப்பும் பெரிய மண்சாடிகளைச் சுட்ட சூளை, அடிமைகள் புழங்கிய பகுதியின் குப்பை என்று அவர் தேர்ந்தெடுத்த இடங்கள் கவனிக்கத் தக்கவை. பீடத்தையும் மணிக்கூண்டையும் விட்டுவிட்டுக் குப்பைமேட்டுக்குப் போனார். சமைத்தவர்களும் சாடி வனைந்தவர்களும் தங்களுக்கென்று என்ன வைத்துக்கொண்டார்கள் என்பது அங்கேதான் கிடக்கும்.

தென் அமெரிக்காவின் வடகரையில் பிரெஞ்சு கயானாவில் ரெமீர் என்ற இடத்தில் லயோலா என்றே பெயர் வைத்த ஒரு பண்ணை 1668இல் தொடங்கி ஒரு நூற்றாண்டு நடந்தது. கரும்பு, காப்பி, கொக்கோ, அவுரி. உச்ச காலத்தில் 500 அடிமைகள். அந்த வருமானத்தில் காட்டுக்குள் இருந்த பூர்வகுடிகளிடம் மறைபரப்பு நடந்தது. ஒருவருடைய மீட்புக்கு இன்னொருவர் முதுகு செலவு. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தார் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்திருக்கிறார்கள். லயோலா என்ற பெயரைக் கேட்டதும் நுங்கம்பாக்கத்துக் கல்லூரியின் மரநிழல் நினைவுக்கு வருகிற சென்னைக்காரருக்கு இந்த லயோலா சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும்.

வட அமெரிக்காவில் 1838இல் மேரிலாந்து சேசு சபையினர் தங்கள் பண்ணைகளில் இருந்த 272 பேரை லூசியானாக்காரர்களுக்கு 1,15,000 டாலருக்கு விற்றார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க அதில் ஒரு பகுதி போனது. அந்த விற்பனைக்குப் பெயரும் வயதும் எழுதிய பட்டியல் உண்டு. முதலில் இருந்த பெயர் ஐசக். 2017இல் கல்லூரிக் கட்டடம் ஒன்றுக்கு ஐசக் ஹாக்கின்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அந்த விழாவுக்கு வந்திருந்தார்கள். சென்னைத் துறையின் 665 பேருக்கு அப்படி ஒரு வாரிசுக் கூட்டத்தைத் திரட்ட வழியில்லை. எண் இருக்கிறது, ஐசக் இல்லை.

போர்ச்சுக்கல் நாட்டு லாகோஸ் நகரத்தின் கதை சாந்தோமுக்கு இன்னும் நெருக்கமானது. 2009இல் அங்கே நிலத்தடி வாகன நிறுத்துமிடம் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். ஊர் மதிலுக்கு வெளியே இருந்த பழைய குப்பைக் குழியில் 158 ஆப்பிரிக்கர்களின் எலும்புகள் கிடைத்தன. 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலானவை. சிலருடைய கைகள் கட்டிய நிலையில் இருந்தன. அடிமைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்த நாட்டில், செத்தவர்களைக் குப்பையோடு கொட்டியிருக்கிறார்கள். பின்னர் அதே இடத்தில் மினி கோல்ஃப் திடலும் வந்தது. மதிலுக்கு உள்ளே கோயில் மணி, வெளியே குப்பைக்குழி என்ற அந்த அமைப்பு மற்றப் போர்ச்சுக்கீசிய ஊர்களிலும் இருந்திருக்கலாம். சாந்தோம் மதிலுக்கு வெளியே என்ன இருந்தது என்ற கேள்வியை லாகோஸ் நமக்கு எழுதிக் கொடுத்துவிட்டது.

ஒரு சிக்கல் உண்டு. இங்கிருந்து விற்கப்பட்டவர்கள் இங்கே புதையவில்லை. சென்னைக் கரையின் அடிமைத் தொல்லியல் பெரும்பாலும் வேறு நாட்டு மண்ணில் கிடக்கிறது. மெக்சிகோவின் புவெப்லா நகரத்தில் சேசு சபைக் கோயிலில் ஒரு கல்லறை இருக்கிறது. மொகலாய நாட்டில் பிறந்து, போர்ச்சுக்கீசியரிடம் அகப்பட்டு, கொச்சியில் திருமுழுக்குப் பெற்று, மணிலாவில் விலைபோய், பசிபிக் கடந்து புவெப்லா சேர்ந்த மிர்ரா என்ற பெண்ணுடையது. அங்கே அவள் கத்தரீனா தெ சான் ஹுவான். விடுதலை பெற்று, தவ வாழ்வு வாழ்ந்து, 1688இல் இறந்தாள். அதே ஆண்டில்தான் சென்னையில் தடை ஆணை வந்தது. அலோன்சோ ராமோஸ் என்ற சேசு சபைக் குரு அவள் வாழ்க்கையை மூன்று தொகுதிகளில் எழுதினார். கற்பனை மிதமிஞ்சிப் போனதால் திருச்சபையின் விசாரணை மன்றமே அதைத் தடை செய்தது. ஆசிய அடிமைகளில் இவ்வளவு மை செலவழித்து எழுதப்பட்டவர் வேறு யாரும் இல்லை என்றே சொல்லலாம். அவள் சொன்னது எது, ராமோஸ் சேர்த்தது எது என்று பிரிப்பதற்குள் ஆய்வாளர்களுக்கு நரை கூடிவிடுகிறது.

எழுத்தே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி மண் இதைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் அருகே வெர்கெலெகன் என்ற டச்சுப் பண்ணை. 1700ஐ ஒட்டி வில்லெம் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் கட்டியது. அங்கே அடிமைகள் தங்கிய கொட்டகையை அகழ்ந்தபோது தரைக்குக் கீழே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. பல் சிறுவயதில் உருவாகிறது. எலும்பு கடைசி வரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டிலும் உள்ள கரிமத்தை ஒப்பிட்டபோது, குழந்தையாக ஒரு வெப்பநாட்டு உணவு, முதிர்வில் கேப் கடற்கரை மீன் என்று தெரிந்தது. எந்த நாடு என்பதை அந்தச் சோதனை உறுதியாகச் சொல்லவில்லை. வங்காளம், மலபார், சோழமண்டலம், மடகாஸ்கர், கிழக்கிந்தியத் தீவுகள் எல்லாவற்றிலிருந்தும் கேப்புக்கு ஆட்கள் போயிருக்கிறார்கள். அடிமைப் பதிவேடுகளில் பெயருக்குப் பின்னால் ஊர் ஒட்டியிருக்கும்: இன்னார், கொரமண்டல்காரர், இன்னார், தரங்கம்பாடிக்காரர்.

நம் பக்கம் திரும்பினால், மேல் அடுக்கைத் தள்ளிவிட்டுக் கீழ் அடுக்குக்குப் போகிற வழக்கம் பழையது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் செங்கல் வளைவுகளோடு ஓர் இடிந்த கட்டடம் நிற்கிறது. சேசு சபை இல்லம் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் அது 1770களில் பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிஞ்ஞோ தெ பெஹென் வியட்நாமிலிருந்து தப்பிவந்த மாணவர்களோடு நடத்திய குருமடம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே வந்தார். அவருக்கு வேண்டியது ரோமானியச் சட்டியும் மதுச்சாடியும். கண்டுபிடித்தார், உலகப் புகழும் பெற்றார். ஆற்றங்கரையில் நின்ற குருமடம் படத்துக்குப் பின்னணியாக மட்டும் உதவியது. கீழடிக்குப் பிறகு பழமைப் பசி இன்னும் கூடியிருக்கிறது. 2,600 ஆண்டு என்றால் செய்தி; 300 ஆண்டு என்றால் இடிபாடு.

கடல் தாண்டாத அடிமைகளை இந்தக் கதையில் மறந்துவிடுவதும் எளிது. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமைமுறை’ படித்தவர்களுக்குச் சோழர் காலத்து ஆள்விலைப் பிரமாணங்களும், பிற்காலத்து ஆளோலைகளும் புதிதல்ல. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த பழக்கம் அல்ல இது; அவர்கள் வாங்கியதை விற்க இங்கே ஏற்கெனவே சந்தை இருந்தது. செங்கல்பட்டுச் சீமையில் மிராசுதாரின் நிலத்தோடு சேர்ந்தே கைமாறிய பண்ணையாட்கள் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். 1843ஆம் ஆண்டு ஐந்தாம் சட்டம் நீதிமன்றத்தில் அடிமை உரிமையைச் செல்லாததாக்கியது. வயலில் அது செல்லாமல் போக வெகுகாலம் ஆயிற்று. மாநகரம் விழுங்கிய கிராமங்களின் சேரிகள் இன்றும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. நிலத்தைத் தோண்டாமலே, நில அளவை வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாலே அவற்றின் வயது தெரியும். இந்த நகரில் அடிமை வாழ்வின் இருப்பிடத்தைக் காட்டும் மிக நல்ல ஆவணம் அந்த வரைபடங்கள்தான்.

தோண்டுவதே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. லஸ் சந்திப்பில் திருமயிலை மெட்ரோ நிலையத்துக்காகத் தோண்டிய ஆழத்தை இந்த அவையில் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். போக்குவரத்து நெரிசலாகவாவது அனுபவித்திருப்பார்கள். பிரகாச மாதா கோயிலுக்கு அருகே, போர்ச்சுக்கீசியர் நடமாடிய மண். லண்டனில் கிராஸ்ரெயில் பாதைக்காகத் தோண்டியபோது லிவர்பூல் தெருவில் 3,000க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளைத் தொல்லியலாளர்கள் நின்று எடுத்தார்கள். பிறகுதான் பொறியாளர்கள் இறங்கினார்கள். கட்டுமானத்துக்கு முன் மண்ணைப் படிக்க வேண்டும் என்பதை அங்கே அனுமதியின் ஒரு பகுதியாக வைத்திருக்கிறார்கள். சென்னையின் பழைய குடியிருப்புகள் இருந்த பகுதிகளுக்கு மட்டுமாவது அப்படி ஒரு விதி வேண்டும். அடித்தளத்துக்காக அள்ளிப்போகும் ஒவ்வொரு லாரி மண்ணும் திரும்பி வராது.

அதற்கு முன்பே, அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பல்லில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் படிகிறது. அதன் இரு வகைகளின் விகிதம் பிறந்த ஊர்ப் பாறையைப் பொறுத்தது. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இங்கிருந்து போன கல் என்பதால் நிலவியலாளர் ஹாலண்ட் 1893இல் வைத்த பெயர் அது. கல் போனது தெரிந்த அளவுக்கு ஆள் போனது தெரியவில்லை. இந்தச் சீமையின் செடிகள், நத்தைகள், ஆட்டுப் பற்களைச் சேகரித்து ஊர் ஊராக அந்த விகிதத்தை அளந்து வரைபடம் போட்டால், கேப்பிலோ ஜகார்த்தாவிலோ மொரீஷியசிலோ கிடைக்கும் ஒரு பல்லை அதோடு ஒப்பிடலாம். முழு விடை கிடைத்துவிடாது. கடற்கரையில் பிறந்து மீனும் உப்பும் தின்று வளர்ந்தவர் பல்லில் பாறையைவிடக் கடலின் விகிதமே மேலோங்கும். சாந்தோம் கடற்கரைக்காரரும் நாகப்பட்டினக் கடற்கரைக்காரரும் அங்கே ஒன்றுபோலத் தெரியலாம். உள்நாட்டில் பிறந்து பஞ்சத்தில் கரைக்கு நடந்து வந்தவர்களைத்தான் அது பிரித்துக் காட்டும். டச்சுக்காரர் எண்களில் மிகப் பெரிய கூட்டம் அவர்களுடையதாக இருக்கலாம்.